இரண்டு விரல் அகலப் பக்கத்து வீடு

மேலக்கரம்பை பேருந்து நிலையத்துக்கு எதிரே, பரோட்டாக் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில், நாலு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்த தவமணிக்கு, கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் ஓகே கொடுத்துவிடுகிற பழக்கம் இருந்தது. ஒரு தடவை இல்லையென்று சொல்லிவிட்டால் அது மனசில் வைத்துக்கொள்ளும், அவசரத்துக்கு வேலை செய்யாது என்பது அவள் கட்சி. அப்படித்தான் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாமி படத்துக்குப் பூ வைத்து, நாலு மெஷினுக்கும் ஊதுபத்தி காட்டி முடித்த கையோடு, புது பிரவுசர் ஒன்று வந்திருக்கிறது, இறக்கிக்கொள்ளலாமா என்று திரை கேட்டதற்கு ஓகே கொடுத்தாள்.

மற்ற பிரவுசர்களில் உலகம் முதலில் வரும், சொந்தபந்தம் எல்லாம் பிறகு தேடிப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. இதில் சொந்தபந்தம்தான் முதல். ரயில் டிக்கெட் பார்த்தாலும் சரி, பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்த்தாலும் சரி, திரையின் இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை நிற்கும், அதில் நமக்குத் தெரிந்தவர்களின் முகங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, மதில் மேல் எட்டிப் பார்ப்பது மாதிரி வரிசையாக இருக்கும். ஆள் இருந்தால் முகத்தின் பக்கத்தில் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சாம்பல் விளக்கு. அந்த பிரவுசருக்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருந்தது, அது மேலக்கரம்பை நாக்குக்கு மடங்கவில்லை, ஆகையால் ஊர் அதற்குப் பக்கத்து வீடு என்று பெயர் வைத்துவிட்டது.

ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார்கள். ஆகவே எல்லாருடைய பட்டையும் தலையிலிருந்து கால்வரை நிறைந்திருந்தது, தவமணியுடையதைத் தவிர. கல்யாணம் என்கிற பஸ் அவள் ஸ்டாப்பில் நிற்காமலே போய்விட்டது. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் பட்டையில் இருந்தது ஒரே ஒரு முகம், பாஸ்போர்ட்டுக்கு எடுத்த, சிரிக்காத முகம், தங்கை கனகவல்லியினுடையது. குவைத்துக்குச் சமையல் வேலைக்குப் போவதற்காக அவளுக்கு ஈமெயில் முகவரி போட்டுக் கொடுத்தது தவமணிதான். கனகவல்லி போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. போன் இல்லை, கடுதாசி இல்லை, இரண்டு வருஷத்துக்கொரு முறை கிடைக்கிற லீவையும் அங்கேயே கழித்தாளாம். விளக்கு சாம்பலாகவே இருந்தது.

முதன்முதலில் கை மாறியது ஒரு கிராம்பு. தபால்காரர் சம்சாரம் செங்கமலம் மூன்றாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்து ஷார்ஜாவில் இருக்கிற மகளோடு பேசிக்கொண்டிருந்தபோது, மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலி உயிர் போகிறது என்றாள். பெற்றவள் யோசிக்கவே இல்லை, முந்தானை முடிச்சை அவிழ்த்து அதிலிருந்த கிராம்பை எடுத்து, "இந்தா, கடவாப் பல்லுல வச்சு அடக்கிக்கோ" என்று திரையோரத்துப் பட்டைக்குள் நீட்டினாள். மகளும் வாங்கி அடக்கிக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் போன கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பின்னால் காத்திருந்த நாலு பேரும் பார்த்தார்கள், தவமணியும் பார்த்தாள், ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை.

"சாமான் குடுக்குறதுன்னா சட்டுனு குடுத்துட்டு எந்திரிங்கக்கா, பின்னால ஆளு நிக்கிது" என்று மட்டும் தவமணி சொன்னாள்.

"கொரலு வருது, மூஞ்சி வருது, ஒரு கிராம்பு போறதுக்கு என்ன கேடு?" என்றார் பரோட்டாக் கடைக்காரர், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்றிலிருந்து பட்டை சும்மா இருக்கவில்லை. கறிவேப்பிலை போயிற்று, வேப்பங்கொழுந்து போயிற்று, மாரியம்மன் கோயில் திருநீறு மடித்த காகிதத்தில் போயிற்று, முருங்கைக்காய் நெடுக்கு வாட்டில் போயிற்று, பனங்கிழங்கு ஒவ்வொன்றாகப் போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து பேரீச்சம்பழம் வந்தது, தலைவலித் தைலம் வந்தது, குங்குமப்பூ வந்தது, சிங்கப்பூரிலிருந்து பேரனின் முதல் பல் விழுந்த கையோடு வந்து, தாத்தா அதை முறைப்படி சாணியில் பொதிந்து கூரையில் எறிந்தார். இரண்டு விரலுக்கு மேல் தடிமனான எதுவும் போகாது. பலாச்சுளையைத் திணிக்கப் பார்த்த ஒருவரால் இரண்டாம் நம்பர் மெஷின் ஒன்பது நாள் மணத்தது. யாரோ நெத்திலிக் கருவாட்டை ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்கியபோதுதான் தவமணி சுவரில் எழுதி ஒட்டினாள்: கருவாடு கண்டிப்பாக அனுப்பக் கூடாது, எட்டு மணிக்குக் கடை அடைக்கப்படும். பாத்திரக்கடை வைத்தியலிங்கம் டம்ளரை நசுக்கிச் சப்பையாக்கி, பட்டை டம்ளர் என்று பெயர் சொல்லி விற்றார். மோரும் ரசமும் அதில் கடல் தாண்டின.

சண்டை வந்தது ஒரே விஷயத்தில்தான். விளக்கு வைத்த பிறகு உப்பு, மோர், ஊசி மூன்றையும் வீட்டை விட்டு வெளியே கொடுக்கக் கூடாது, கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பது ஊர் அறிந்தது. ஆனால் இங்கே விளக்கு வைக்கும்போது குவைத்தில் வெயில் கொளுத்துகிறது, சிங்கப்பூரில் சாப்பிட்டுப் படுக்கை விரித்தாயிற்று. யார் வீட்டு விளக்கு விளக்கு? இரண்டு வாரம் தெருவுக்குத் தெரு விவாதம் நடந்து, கடைசியில் கோயில் பூசாரி ஏகாம்பரம் பிரவுசிங் சென்டருக்கே வந்து, மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "குடுக்குறவன் வீட்டு வெளக்குதான் வெளக்கு. வாங்குறவனுக்கு வெளக்கும் கெடையாது, வெக்கமும் கெடையாது." அதற்குப் பிறகு மேலக்கரம்பையில் பொழுது சாய்ந்து உப்புத் தீர்ந்துபோன வீட்டுப் பெண்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமல், வெயில் இறங்காத குவைத்தை எழுப்பி ஒரு சிட்டிகை வாங்கிக்கொண்டார்கள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில் ஜொஹரா பீவியின் புருஷன் விளக்கு அணைந்தது. ஜபருல்லா தோஹாவில் ஏசி மெக்கானிக். பெருநாளைக்கு ஒரு சின்ன அத்தர் குப்பி அனுப்பியிருந்தார். ஜொஹரா அத்தரை வேறு குப்பிக்கு மாற்றிக்கொண்டு, அடுப்பில் பால் வைத்த அவசரத்தில் காலிக் குப்பியை அப்படியே பட்டைக்குள் திருப்பித் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் வந்து பார்த்தால் ஜபருல்லாவின் முகத்தில் சாம்பல் விளக்கு. போன் எடுக்கவில்லை. ஒன்பது நாள் ஜொஹரா ஒழுங்காகச் சோறு தின்னவில்லை.

"நான் என்னக்கா பண்ணுனேன்? குப்பியத்தான திருப்பிக் குடுத்தேன்?" என்று அவள் நாலாம் நம்பர் மெஷின் முன்னால் அழுதாள்.

"காலியாவா குடுத்தே?" என்று கேட்டது தவமணி. கேட்ட பிறகு அவள் குரல் அவளுக்கே கனத்தது.

தின்பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் நாலு சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரம் கொடுத்தால் போக்குவரத்து இதோடு முடிந்தது என்று அர்த்தம். அந்த பிரவுசரைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ தெரியாது, ஆனால் பிரவுசருக்கு இது தெரிந்திருந்தது. தவமணி தன் டீக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து இரண்டு கற்கண்டை எடுத்துக் கொடுக்க, ஜொஹரா அதைப் பட்டைக்குள், ஜபருல்லாவின் முகத்துக்கு நேரே வைத்தாள். கற்கண்டு கொஞ்ச நேரம் அங்கேயே தயங்கி நின்றது. பிறகு உள்ளே போயிற்று. விளக்கு பச்சையாயிற்று. போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது, வேறொன்றுமில்லை என்றார் ஜபருல்லா. அவருக்கு அவர் காரணம், ஊருக்கு ஊர் காரணம். அன்றிலிருந்து மேலக்கரம்பையில் எவரும் வெறும் டம்ளரைத் திருப்பி அனுப்பவில்லை.

அன்று மாலை தவமணி கடையை அடைக்காமல் தன் மெஷின் முன்னால் உட்கார்ந்து தங்கையின் சாம்பல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், அம்மா அலமேலு இறந்த முப்பதாம் நாள் கழிந்ததும் கனகவல்லி குவைத்துக்குக் கிளம்பினாள். புருஷன் விட்டுப் போனவள், ஊரார் பார்வையைத் தின்று அலுத்தவள், அவளுக்குப் போக வேண்டியிருந்தது. தவமணிக்குத்தான் அது புரியவில்லை, இல்லை, புரிந்தும் தனியாகக் கிடக்கப் பயமாக இருந்தது. அம்மா போன ஈரம் காயவில்லை அதற்குள் பறக்கிறாயே என்று வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டாள். கிளம்புகிற நாள் காலையில் கனகவல்லி ஒரு தூக்கு நிறையப் பால் கொழுக்கட்டை செய்துகொண்டு வந்து வைத்தாள். அம்மாவின் எவர்சில்வர் தூக்கு அது, பெரிய வயிறும் மூடியும் உள்ளது, வயிற்றில் சி.அலமேலு என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியது, அம்மா கடைசிக் காலத்தில் கனகவல்லிக்கென்று கொடுத்தது. தவமணி கொழுக்கட்டையை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, தூக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடைத்து, ஒரு துளி சர்க்கரைகூடப் போடாமல் தங்கை கையில் கொடுத்தாள். மறந்து கொடுக்கவில்லை, தெரிந்தே கொடுத்தாள். கனகவல்லி மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு போய்விட்டாள்.

மறுநாள் தவமணி ஒரு குங்குமச்சிமிழில் சர்க்கரை போட்டுத் தங்கை முகத்துக்கு நேரே நீட்டினாள். சிமிழ் திரையில் மோதிக் கீபோர்டில் விழுந்து சிதறியது. அதற்கடுத்த நாளும் விழுந்தது. இருபது நாள் இப்படி விழுந்து, எறும்பு மொய்த்த கீபோர்டில் எழுத்துகள் தாமாக அடித்துக்கொள்ளத் தொடங்கின. கனகவல்லி ஒரு நாளும் திறக்காத ஈமெயிலுக்குள் அது எப்படிப் போகும்?

எறும்பைப் பார்த்துவிட்டு ஜொஹராதான் விஷயத்தைக் கறந்தாள். தவமணி எல்லாவற்றையும் சொன்னாள், வெட்கத்தோடு சொன்னாள்.

"இம்புட்டு நாளா எங்கள்ட்ட சொல்லாம வச்சிருந்தீங்களே, நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்?" என்று ஜொஹரா சத்தம் போட்டாள். "அந்தச் சிமிழ இங்க குடுங்க. நேராப் போகாட்டி என்ன, சுத்திப் போகட்டும். எங்க மச்சான்கூட முந்தி ஒரே ரூம்ல இருந்த ஆளு இப்ப குவைத்துலதான் வண்டி ஓட்டுறாரு."

சிமிழ் ஜொஹராவிடமிருந்து தோஹாவுக்கு ஜபருல்லாவிடம் போயிற்று. ஜபருல்லா திறந்து பார்த்தார், சர்க்கரை இருந்தது; ஆனாலும் தனக்கு பாஸ்போர்ட் பாரம் எழுதிக் கொடுத்தவளின் சிமிழைச் சும்மா கடத்திவிட மனசு வராமல், ஒரு ஏலக்காயை உள்ளே போட்டு, குவைத்தில் இருக்கும் டிரைவர் மாணிக்கவேலுவின் முகத்துக்கு நீட்டினார். மாணிக்கவேலுவுக்குக் கனகவல்லியைத் தெரியாது, ஆனால் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தையல்காரர் சவரிமுத்துவைத் தெரியும். ஒரு கிராம்பு சேர்ந்தது. சவரிமுத்துவுக்குப் பள்ளிக்கூட வேனில் ஆயா வேலை பார்க்கும் ஒரு பெண்ணைத் தெரியும். ஒரு முந்திரி சேர்ந்தது. அந்த ஆயா பிள்ளைகளை இறக்கிவிடுகிற வீடுகளில் ஒன்றில், கடற்கரையோரத்துப் பெரிய வீட்டில், மேலக்கரம்பைக்காரி என்று சொல்லிக்கொள்ளாத மேலக்கரம்பைக்காரி ஒருத்தி சமைத்துக்கொண்டிருந்தாள். கடைசி நடை பட்டை வழியாகப் போகவில்லை. ஆயா ஒரு மதிய வேளையில் சமையலறைப் பின்வாசலில் நின்று, கையோடு கை கொடுத்தாள்.

சிமிழ் போன அன்றிலிருந்து ஊரே தவமணியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மளிகை வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பரோட்டாக் கடைக்காரர் மாவு கையோடு வந்து, "பச்சையாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தவமணிக்கு இதெல்லாம் கூச்சமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஏதோ நெகிழ்ந்தும் வந்தது. பாரம் நிரப்பிக் கொடுத்ததும், பாஸ்வேர்டை நினைவு வைத்துக்கொண்டதும் தவிர இந்த ஜனங்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன், இப்படிச் சுமக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, குவைத்தில் விடுமுறை நாள், விளக்கு பச்சையாயிற்று.

கனகவல்லியின் முகம் மெலிந்திருந்தது. தவமணி நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பின்னால் ரயில் டிக்கெட் எடுக்க நின்றவர் தொண்டையைச் செருமப் போக, செங்கமலம் அவர் வாயைத் தன் கையாலேயே பொத்தினாள்.

"இத்தன வருஷங் கழிச்சு நாலு சக்கரையப் போட்டு அனுப்புனா சரியாப் போயிருமா?" என்று கனகவல்லி கேட்டாள்.

"போகாது."

"பின்ன எதுக்கு அனுப்புனே?"

"வெறுந்தூக்கா குடுத்துட்டேன்டி கனகு. தெரிஞ்சேதான் குடுத்தேன். அன்னையிலேர்ந்து நான் எத வச்சாலும் என் வீட்டுல நெறையவே இல்ல" என்று சொல்லும்போது தவமணிக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, ஊர் முன்னாலேயே அழுதாள்.

கனகவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே குனிந்தாள், நிமிர்ந்தாள், எதையோ தள்ளினாள். திரையின் ஓரம் கொஞ்சம் முனகியது. அந்தப் பெரிய வயிற்றுத் தூக்கு, மூடியும் பிடியுமாக, சி.அலமேலு என்ற பெயருமாக, இரண்டு விரல் இடைவெளிக்குள்ளிருந்து வெளியே வந்து தவமணியின் மடியில் உட்கார்ந்தது. அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தவமணி மூடியைத் திறந்தாள். உள்ளே கெட்டித் தயிர்.

"அம்மா தயிரு" என்றாள் கனகவல்லி. "போறப்ப நீ குடுத்த வெறுந்தூக்குல, நான் என் வீட்டுல குத்தி வச்சிருந்த அம்மா வீட்டு உறையத்தான் ரெண்டு கரண்டி ஊத்தி எடுத்துட்டு வந்தேன். ஒரு நாளு விடாம உறை குத்திக்கிட்டு வர்றேன்."

தவமணி வீட்டில் அந்த உறை, அம்மா இறந்த வாரமே பால் வாங்காமல் விட்டதில் அறுந்துபோயிருந்தது. அவள் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். லேசான புளிப்பும் அடியில் ஒரு தித்திப்புமாக, அம்மாவின் கைத் தயிரேதான். அன்று சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால், சிமிழுக்காகக் காத்திருந்த ஊர் வீடுகள் அத்தனைக்கும் தவமணி ஒவ்வொரு கரண்டி உறை கொடுத்துவிட்டு வந்தாள். இன்றைக்கும் அந்த ஊரில் எந்த வீட்டில் மோர் வாங்கிக் குடித்தாலும் அது அலமேலுவின் மோர்தான்.

அதற்குப் பிறகு தூக்கு போவதும் வருவதுமாக இருந்தது. அதிரசம் போயிற்று, பேரீச்சம்பழப் பாயசம் வந்தது. புளியோதரை போயிற்று, பிஸ்தா வந்தது. ஆனால் ஊருக்கு எப்போது வருகிறாய் என்று தவமணி கேட்டால் கனகவல்லி, "அடுத்த லீவுக்குப் பாக்கலாம்" என்பாள். அடுத்த லீவு வந்தது, போனது. "அதான் தெனம் பாக்குறோமே, தின்ன ஒண்ணு குடுத்துக்குறோமே, அப்பறம் நேர்ல வேற எதுக்கு?" என்று சிரித்து மழுப்பினாள். புருஷன் விட்டுப் போனவள் என்று பார்த்த அதே தெருவில் இறங்கி நடக்க அவளுக்குத் தயக்கம் என்று தவமணிக்குத் தெரியும். இரண்டு விரல் அகலத்தில் எல்லாம் வந்தது, தங்கை மட்டும் வரவில்லை.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: வரும் முப்பதாம் தேதியோடு இந்த பிரவுசர் நிறுத்தப்படுகிறது, இதுவரை எங்களோடு இருந்ததற்கு நன்றி. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தவமணி அதற்கு ஓகே கொடுக்க மறுத்தாள், ஆனால் அதில் ஓகே தவிர வேறு பொத்தான் இல்லை. ஊர் ஒப்பாரி வைக்கவில்லை. கொடுத்த மட்டும் லாபம் என்றார் பூசாரி, கடைசி நாள் நாலு மெஷினுக்கும் சூடம் காட்டினார். எல்லாரும் அவரவர் கைக்கு வந்த டம்ளரையும் குப்பியையும் தேய்த்து, நிரப்பி, உரியவர்களிடம் திருப்பிச் சேர்த்தார்கள், ஒருவர் பாத்திரம் ஒருவரிடம் தங்கிவிடக் கூடாது அல்லவா.

தூக்கு அப்போது தவமணியிடம் இருந்தது.

"அக்கா, தூக்க அனுப்பு" என்றாள் கனகவல்லி. "இன்னங் கொஞ்ச நேரத்துல மூடிருவான்."

"அனுப்ப மாட்டேன்."

"என்னது?"

"பாத்திரம் ஒன்னுது. வேணும்னா வந்து வாங்கிட்டுப் போ."

பின்னால் நின்ற ஜொஹரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெறும் பாத்திரம் கொடுப்பது ஒரு பாவம் என்றால், பாத்திரத்தையே கொடுக்காமல் வைத்துக்கொள்வது அந்த ஊரில் யாரும் செய்யாத பாவம்.

"அம்மா பேரு வெட்டுன தூக்குக்கா அது. ஏமாத்திப்புடுவியா?"

"ஆமாண்டி, ஏமாத்துவேன்" என்று தவமணி சொல்லி முடிப்பதற்குள், நாலு திரையிலும் ஓரத்துப் பட்டை உள்ளே மடங்கிக் காணாமல் போயிற்று.

தை பிறந்து ஐந்தாம் நாள், மத்தியான பஸ்ஸில், ஒரு பெரிய பெட்டியும் ஒரு பையுமாகக் கனகவல்லி வந்து இறங்கினாள். ரோட்டைத் தாண்டி, பரோட்டாக் கடைக்காரர் கல்லில் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க, பார்வையைப் பற்றி ஒன்றும் நினைக்க நேரமில்லாத கோபத்தோடு நேரே பிரவுசிங் சென்டர் வாசலில் வந்து நின்றாள்.

"எங்க என் தூக்கு?"

தவமணி எழுந்தாள். அலமாரியைத் திறந்து, பளபளவென்று தேய்த்து வைத்திருந்த தூக்கை எடுத்துக் காட்டினாள், தங்கை கை நீட்டியதும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வெறுந்தூக்கா குடுக்க மாட்டேன். இதுல என்ன செஞ்சு போட்டுக் குடுக்குறதுன்னு இன்னும் யோசிக்கல. நீ உள்ள வந்து உக்காரு."

"எப்ப யோசிப்பே?"

"அவசரமில்ல கனகு, மெதுவா யோசிக்கிறேன்."

கனகவல்லி அக்காவைப் பார்த்தாள், தூக்கைப் பார்த்தாள், பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். இப்போது இரண்டாம் நம்பர் மெஷின் இருந்த இடத்தில் அவள் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறாள், தயிர்சாதம் பத்து மணிக்கே தீர்ந்துவிடும். அந்தப் பக்கம் போனால் நீங்களும் சாப்பிட்டுப் பாருங்கள். தூக்கு அலமாரியில் காலியாகத்தான் இருக்கிறது, தவமணி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.